தும்மலுக்கு விசில் ஊதியவர்

எங்கள் வடக்கனந்தலில் யாருக்குச் சளி பிடித்தாலும், டைம் கீப்பர் அண்ணனைக் கேட்காமல் அது போகாது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பஸ்களுக்கு நேரம் சொல்வது அவர் உத்தியோகம். தெருவில் சளிக்கும் அதே உத்தியோகம்தான். வாயைப் பொத்தாமல் யாராவது தும்மினால் விசில் ஊதிவிடுவார்.

மளிகைக்கடை பாய் ஒருநாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார்.

"ஒரு ஊசி போட்டுக்கலாமாண்ணே?"

"எப்பப் பொறப்பட்டுது?"

"நேத்து, புதன் சாயந்திரம்."

"அப்போ வர்ற புதன் சாயந்திரம் போய்ச் சேந்துடும். சுடுதண்ணி குடிங்க, நல்லா படுங்க. ஊசி கீசின்னு வண்டிய அவசரப்படுத்தாதீங்க பாய். அது அதோட டைமுக்குத்தான் போவும்."

சொன்ன புதனன்று பாயின் மூக்கு ஒழுகுவது நின்றது.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த நாட்கள் அவை. புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள். ஒரு பஸ் கிடையாது. அண்ணன் மட்டும் காலையில் காக்கிச் சட்டையோடு சாலையோரம் வந்து, வராத வண்டிக்கு விசில் கொடுப்பார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய பனி வெறும் சாலையில் படுத்துக் கிடக்கும். அந்த விசிலுக்கு, பனிக்குள் ஒரு பஸ் நிஜமாகவே புறப்பட்டுப் போவதுபோல் எனக்குத் தோன்றும்.

அப்படி ஒரு காலையில் என் எட்டு மாத மகளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன். மூன்று நாளாய்ச் சளி. திருநீறு பூசி முருகனைக் கூப்பிட்டபடி இருந்தேன். இப்போது பாலும் குடிக்கவில்லை. வீட்டுக்காரரோ உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, இன்னும் நாலு நாள் இருக்குதே!" என்று சிரித்தபடி குழந்தையின் சட்டையைத் தூக்கினார். சிரிப்பு நின்றது. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் அவள் மூச்சை எண்ணினார்.

"அறுவதத் தாண்டுது. நெஞ்சுக்கூடு உள்ள இழுக்குது பாரு. இது வெறும் சளி இல்லம்மா. ஏறு சைக்கிள்ல!"

சாய்ந்த மரத்தருகே மறியல்காரர்கள் நிறுத்தினார்கள்.

"எங்கண்ணே போய்க்கினு இருக்க?"

"கைக்கொழந்தைக்கு மூச்சு வாங்குதுடா! தூக்குங்கடா சைக்கிள!"

நான்கு பேர் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். அடுத்த மரத்திலும் அப்படியே. பனிக்குள் மிதந்து போவதுபோல் இருந்தது. மடியில் அவளுடைய சின்ன மூச்சு மட்டும் கேட்டது.

"நுரையீரல்ல கபம். நல்லவேளை, இப்பவே வந்தீங்க" என்றார் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி டாக்டர். மறுநாள் மகள் பால் குடித்தாள். வெளியே அண்ணன் சுவரோரம் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அழுவுறீங்களாண்ணே?"

"சளிம்மா. இப்பத்தான் பொறப்பட்டுது."

அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை. விளக்கேற்றும்போது, "டைம் கீப்பர் அண்ணன் நல்லா இருக்கணும் முருகா" என்றுதான் இன்றும் வேண்டுகிறேன். முருகனுக்கு ஆள் தெரியும்.