ஒன்பதாம் நம்பர் பஸ்ஸும் புது மொழியும்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த பெரிய காரியம், பஸ் நிறுத்தத்து மின்பலகையை எந்தக் கணினி மொழியில் இயக்குவது என்று முடிவெடுத்ததுதான். அந்தப் பெருமை, பஸ் கம்பெனியின் கணினிப் பிரிவில் எல்லோரும் 'மேஸ்திரி' என்று கூப்பிடும் மனிதரையே சேரும்.

விஷயம் சின்னது. ஒன்பதாம் நம்பர் பஸ் வரும் நேரத்தைப் பலகை ஐந்து நிமிடம் பிந்திக் காட்டியது. அதை நம்பி வந்தவர்கள் பஸ்ஸின் முதுகைத்தான் பார்த்தார்கள். மகளின் நீச்சல் போட்டிக்குக் கிளம்பிய மேஸ்திரியும் அப்படித்தான் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்.

"பழைய புரோகிராம்ல ஒரு வரி மாத்தினா போதும் சார்," என்றாள் பக்கத்து சீட்டுப் பெண்.

மேஸ்திரிக்கு முகம் சுண்டிப் போயிற்று. ஒரு வரியா? அதுவும் பழைய மொழியிலா? இருபது வருடமாக அவருக்குச் சோறு போட்ட மொழிதான். ஆனால் கேன்டீனில் இரண்டு இளைஞர்கள் அதைத் 'தாத்தா மொழி' என்று சொல்லிச் சிரித்தது அவர் காதில் விழுந்துவிட்டது. அன்றே தலைக்கு டை அடித்துக்கொண்டார். மாற்றுவதற்கு மொழிதான் பாக்கி.

கூட்டம் கூட்டினார். "புது மொழி வேகம். பாதுகாப்பு. உலகமே அங்கதான் போயிட்டிருக்கு."

"பஸ் வேகமா வருமா?" என்று கேட்டார் மேனேஜர் அம்மா.

"பஸ் அதே வேகம்தான் மேடம். ஆனா அது லேட்டுங்கறத நாம வேகமா சொல்லலாம்."

இந்தத் 'தொலைநோக்கை'க் கண்டு யாரும் வாய் திறக்கவில்லை. 'ஏகமனதாக நிறைவேறியது' என்று குறிப்பு எழுதப்பட்டது.

பழைய புரோகிராம் சகல மரியாதைகளுடன் நிறுத்தப்பட்டது. புது மொழி கற்கிறவர்கள் முதல் பாடமாகக் கணினியை 'வணக்கம் உலகமே' என்று சொல்ல வைப்பது தொழில் வழக்கம். மேஸ்திரியும் சொல்ல வைத்தார். இரண்டாவது பாடம் மண்டையில் ஏறவில்லை. ஆகவே எல்லா நிறுத்தங்களிலும் பலகைகள் உலகத்துக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே இருந்தன.

மகளுக்கு மறுபடியும் போட்டி வந்தது. "இந்த வாட்டி சத்தியமா வருவேன்" என்று சொல்லியிருந்த மேஸ்திரி நிறுத்தத்துக்கு வந்தார். அந்த வழியில் போவது ஒன்பது மட்டும்தான்.

"வணக்கமெல்லாம் இருக்கட்டும், பஸ் எப்ப வரும்னு போடாதா இது?" என்றார் தூரிகை வாளியோடு நின்ற பெயின்டர்.

மேஸ்திரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, எழுத்து எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாருங்க. பழசுல இது நடக்குமா?" என்று பலகைப் பக்கம் திரும்பிக் கையை நீட்டி, புது மொழியின் அருமை பெருமைகளை அடுக்கினார். அவர் பேச்சை ஒருவர் குறுக்கே பேசாமல் கேட்பது அதுவே முதல் தடவை. நெகிழ்ந்துபோய்த் திரும்பினார்.

பெயின்டர் இல்லை. தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஒன்பதின் பின்கண்ணாடி வழியாகக் கையாட்டிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. "அப்பா, எங்க இருக்கீங்க? அடுத்து என்னைத்தான் கூப்பிடப் போறாங்க."

"பஸ் ஸ்டாப்லதான்டா கண்ணு. அடுத்த பஸ் எப்பன்னு தெரியல."

"அதச் சொல்றதுதானேப்பா உங்க வேலை?"

மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். பலகை அவருக்கும் பளிச்சென்று ஒரு வணக்கம் போட்டது.