உப்புப் போட்ட மூளை

சந்தியோகு சாவியைத் திருகினார். கார் 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

"கோயில் வாசல் வரைக்கும் நல்லாத்தானே ஓடினது?" என்றாள் மனைவி எடித். "சுவாமி தெளிச்ச தீர்த்தம் காணாதெண்டு, பொனெட்டைத் திறந்து மிச்சத்தை ஊத்தினது ஆர்?"

"எஞ்சினுக்கும் ஆசீர்வாதம் வேணுமெல்லோ!"

மறுநாள் மகள் றொஷேலுக்குக் கலியாணப் பேச்சு. மாப்பிள்ளை டிலோஜன் வீட்டார் விடத்தல்தீவுக்கு வருவதாகத்தான் இருந்தது. திடீரென்று, "நீங்களே இலுப்பைக்கடவைக்கு வாங்கோவன்" என்று போன் பண்ணிவிட்டார்கள்.

"எங்களிட்டக் கார் இருக்கோ எண்டு பாக்கினம். பஸ்ஸில போய் இறங்கிறதெண்டா எனக்கு இந்தச் சம்பந்தமே வேண்டாம்!" என்று குதித்தார் சந்தியோகு.

றொஷேலுக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு டிலோஜன் போதும். கார் வேண்டியது அப்பாவுக்குத்தான்.

சந்தியோகு யூடியூப்பைப் பார்த்து, எஞ்சினின் மூளை என்ற கறுப்புப் பெட்டியைக் கழற்றினார். தண்ணீர் சொட்டியது. ஊரிலேயே பெரிய கருவாட்டு முதலாளி அவர். ஈரத்தை இழுப்பது எதுவென்று அவருக்கு யார் சொல்லித் தரவேண்டும்? மூடியைத் திறந்து உப்புக்குள் புதைத்தார்.

"மீனும் அதுவும் ஒண்டே?" என்றாள் எடித்.

"தண்ணி தண்ணிதானடி!"

காலையில் கருவாட்டுப் பந்தலில் வெயிலுக்கு வைத்தார். ஒரு காகம் கொத்திப் பார்த்துவிட்டு வெறுத்துப் போனது. பெட்டியைத் திரும்பக் காரில் பூட்டிச் சாவியைத் திருகினார். இம்முறை 'டிக்'கும் இல்லை, புகைதான் வந்தது.

காரை உழவு மெசினில் கட்டி முருங்கனில் உள்ள கராஜுக்கு இழுத்துப் போனார். மெக்கானிக் ஷிஹாப் பெட்டியை முகர்ந்து பார்த்தான்.

"முதலாளி, தண்ணி மட்டுமெண்டா கழுவிக் காயவச்சு எழுப்பியிருப்பன். நீங்க உப்போட கரண்ட் குடுத்து எரிச்சுப்போட்டீங்க. இதைப் பொரிக்கலாம், பூட்டேலாது."

"பின்னேரம் சம்பந்தம் பேசப் போகவேணும் தம்பி! பிள்ளையின்ர வாழ்க்கை!"

ஷிஹாப் தயங்கி அலுமாரியைத் திறந்தான். அதே இனக் காரின் பெட்டி ஒன்று, திருத்தி முடித்து இருந்தது.

"சொந்தக்காரர் நாளைக்குத்தான் வருவார். இண்டைக்கு மட்டும் உங்கட காரில பூட்டி விடுறன். ஆருட்டயும் மூச்சு விடாதீங்க."

ஹோர்ன் அடித்துக்கொண்டே கார் இலுப்பைக்கடவைக்குள் நுழைந்தது. மாப்பிள்ளை வீட்டு முற்றத்திலும் அதே இனக் கார் ஒன்று, சேலையால் மூடிக் கிடந்தது. சந்தியோகுவின் நெஞ்சு நிமிர்ந்தது.

"என்ன சம்பந்தி, காரைத் தவக்காலச் சுரூபம் மாதிரி மூடி வச்சிருக்கிறியள்? கார் எண்டா ஓடவேணும்!"

டிலோஜனின் அப்பா இருமினார். பலகாரத் தட்டோடு வந்த மாப்பிள்ளையின் தங்கை அபிசாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"நாளைக்கு ஓடும் மாமா! அதின்ர மூளைப் பெட்டிய முருங்கன் ஷிஹாப் நானா திருத்தி முடிச்சிட்டாராம். ஆரும் தொடாமல் தன்ர அலுமாரியில பூட்டி வச்சிருக்கிறாராம்."