மூடுபனியில் காணாமற்போன பயனாளி

ஓர் அரசாங்கம் தன் குடிமக்களுக்கு உதவித்தொகை வழங்குவதற்கு முன்னர், அக்குடிமக்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா என்று உறுதி செய்துகொள்வது நியாயமே. இல்லாத ஒருவருக்கு உதவி செய்வதில் எவ்வளவு சிரமம் உண்டோ, இருக்கிற ஒருவருக்கு உதவி செய்வதிலும் அவ்வளவு சிரமம் உண்டு என்பதை ஏற்காட்டு மக்கள் அண்மையில்தான் அறிந்துகொண்டார்கள்.

இந்த உறுதிப்பாட்டின் பொருட்டு, நல உதவி அலுவலகத்தாருக்குக் கைப்பேசிச் செயலி ஒன்று வழங்கப்பெற்றது. பயனாளியை அவர் வசிக்கும் பகுதியில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். முகம் யாருடையது, இடம் எது என்பவற்றைச் செயலியே கண்டுகொள்ளும். சமவெளி வெயிலில் அமர்ந்து எவரோ உருவாக்கிய செயலி அது. மலையிலும் மார்கழி வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

சின்னத்தாயி எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர். பக்கவாதம் தாக்கி இடப்பக்கம் செயலிழந்த பின்னர், மாதந்தோறும் வந்த உதவித்தொகையில்தான் மாத்திரை வாங்கிவந்தார். கள அலுவலர் வசந்த் கடமை தவறாத இளைஞர். மார்கழிக் காலை ஒன்றில் அவர் தொழிலாளர் லைன் வீட்டுக்கு வந்து, சின்னத்தாயியை வாசலில் உட்காரவைத்துப் படம் எடுத்தார். மூடுபனி மிகத் தெளிவாகப் பதிந்திருந்தது. அதைத் தவிர வேறெதுவும் பதியவில்லை. ‘பயனாளி காணப்படவில்லை’ என்று செயலி தீர்ப்பளித்தது. வசந்த், சின்னத்தாயி கொடுத்த கடுங்காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் காணப்படவில்லை என்பதை உறுதிப்படுத்தும் பொத்தானை அழுத்தினார்.

மறுமாதம் பணம் நின்றது. சின்னத்தாயி மாத்திரைகளைப் பாதியாக உடைத்து விழுங்கத் தொடங்கினார். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜிக் கடை வைத்திருக்கும் அவருடைய தோழி ஹேமலதா, இதை அறிந்த அன்றே எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் புறப்பட்டார்.

“ஏனுங்க சாமி, ஊட்டு வாசல்ல உக்காந்திருந்தவளக் காணோம்னு எழுதிட்டீங்களாமா?”

“நான் எழுதலீங்க அக்கா. செயலி எழுதினதுங்க.”

“நீங்க கண்ணால பார்த்தீங்கல்ல?”

“பார்த்தனுங்க. ஆனா நான் பார்த்ததப் பதியறதுக்கு அதுல இடம் இல்லீங்க.”

வசந்த் இரக்கமற்றவர் அல்லர். மூடுபனி இல்லாத இடத்துக்குப் பயனாளியை அழைத்து வந்தால் தாமே வந்து படம் எடுப்பதாக வாக்களித்தார். அதன்படி ஹேமலதா, நோயுற்ற தோழியைத் தோளில் தாங்கி பஸ்ஸில் ஏற்றி, மலைப்பாதை வளைவுகள் அனைத்தையும் கடந்து அடிவாரத்தில் இறக்கினார். அங்கே வெயில் கொளுத்தியது. படம் மிகச் சிறப்பாக அமைந்தது; சின்னத்தாயியின் மூக்குத்தித் துளை கூடத் தெரிந்தது. செயலி அவரை உடனே அடையாளம் கண்டு மகிழ்ந்தது. அடுத்த கணமே, அவர் மலையைவிட்டு வெளியேறிக் குடிபெயர்ந்துவிட்டார் என்றும், குடிபெயர்ந்தவருக்கு மலைப்பகுதி உதவி கிடையாது என்றும் அறிவித்தது.

திரும்பும் பஸ்ஸில் சின்னத்தாயிக்கு ஓர் ஐயம் எழுந்தது.

“ஏம் புள்ள, நான் மேலயும் இல்ல, கீழயும் இருக்கப்படாதுன்னா, இந்தக் கால்வலி மட்டும் யாருக்கு வலிக்குது?”

இதையும் கேட்டு வருவதாக ஹேமலதா கூறினார்.

வசந்த் ஆழ்ந்து ஆராய்ந்தார். மலைப்பாதையின் ஒரு கொண்டை ஊசி வளைவில், செயலியின் கணக்குப்படி மலை தொடங்கிவிடுகிறது. மூடுபனியோ இன்னும் தொடங்குவதில்லை. ஒருவர் சட்டப்படியும் கண்கூடாகவும் ஒருசேர இருக்கக்கூடிய ஒரே இடம் அதுவே என்று கண்டறிந்தார்.

மூவரும் அவ்வளைவை அடைந்தபோது, அங்கே ஏற்கெனவே ஒரு வரிசை நின்றது. சுற்றுலாப் பயணிகளிடையே இவ்வாண்டு பரவியிருக்கும் நாகரிகம், பள்ளத்தாக்கை நோக்கி இரு கைகளையும் விரித்து, கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்பதாகும். நெடுந்தொலைவிலிருந்து பணம் செலவழித்து வந்தவர்கள், தத்தம் முதுகைப் படமெடுத்துக்கொண்டு மனநிறைவோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், நோயாளி பின்னணியில் தெரிந்தால் அழகு கெடுவதாகக் கூறிச் சற்று ஒதுங்கச் சொன்னார்.

“நீ முதுகக் காட்டு கண்ணு,” என்றார் ஹேமலதா. “நாங்க மூஞ்சியக் காட்டிட்டு நவுந்துக்கறோம். எங்களுக்கு மூஞ்சியக் காட்டுனாத்தான் மாத்திர.”

காற்று கடுமையாக வீசியது. ஹேமலதா தோழிக்குக் குரங்குக் குல்லாயை மாட்டி, சால்வையை மூக்குவரை இழுத்துப் போர்த்தி, கீழே சாய்ந்துவிடாதவாறு அணைத்துப் பிடித்துக்கொண்டார். வசந்த் படம் எடுத்தார். செயலி நெடுநேரம் சிந்தித்து, ‘பயனாளி இருக்கிறார்’ என்று ஒப்புக்கொண்டது. மூவரும் மகிழ்ச்சியில் ஆளுக்கொரு வேகவைத்த சோளம் வாங்கித் தின்றார்கள். சின்னத்தாயிக்குப் பணம் வந்தது. அவர் முழு மாத்திரை விழுங்கினார்.

அதற்கு அடுத்த மாதம், ஹேமலதாவுக்கு வந்துகொண்டிருந்த விதவை உதவித்தொகை நின்றது. அவருடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்திருந்தது: ‘மாண்புமிகு பயனாளி சின்னத்தாயி அவர்களே, தாங்கள் ஹேமலதா என்பவரின் பெயரிலும் உதவி பெற முயல்வது கண்டறியப்பட்டுள்ளது.’

போர்த்திய முகம் ஒன்றும் போர்த்தாத முகம் ஒன்றும் கிடைத்தபோது, செயலி போர்த்தாததையே சின்னத்தாயியின் முகமாகப் பதிந்துகொண்டிருக்கிறது. அதில் குற்றம் காண இயலாது.

இம்முறை உதவி செய்வது சின்னத்தாயியின் முறையாயிற்று. கைத்தடியை ஊன்றி, ஹேமலதாவையும் அழைத்துக்கொண்டு அவர் அலுவலகத்தை அடைந்தார். வசந்த் நாற்காலி எடுத்துப் போட்டு, நிலைமையை விளக்கினார். திருத்தம் கோரலாம். ஆனால் விசாரணை முடியும்வரை இருவருக்குமே பணம் வராது. முன்னர் ஒருவர் அவ்வாறு திருத்தம் கோரினார். அவர் உயிரோடு இருக்கிறார் என்னும் ஆணை, அவருடைய காரியத்துக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. ஆகவே, சின்னத்தாயியின் முகத்தை ஹேமலதாவின் பெயரில் பதிந்துவிடுவதே அனைவருக்கும் நலம்.

“நான் ஒருத்தியா இருக்கறதுக்கே நொம்ப மூச்சு வாங்குதுங்க சாமி,” என்றார் சின்னத்தாயி. “இவளாவும் இருக்கோணுமா?”

“செயலி முன்னாடி மட்டும் இருந்தாப் போதுங்க.”

துணைக்கு வந்திருந்த சின்னத்தாயியின் கணவர், அப்படியானால் தாம் இறந்தவர் ஆகிவிடுவோமா என்று கவலையோடு வினவினார். இறந்தவர் ஹேமலதாவின் கணவரே என்றும், அதில் மாற்றமேதும் இல்லை என்றும் அவருக்கு உறுதியளிக்கப்பட்டது. அவர் நிம்மதியாக வெளியே சென்று பீடி பற்றவைத்தார்.

இது தவறாகாதா என்று ஹேமலதா கேட்டதற்கு, வசந்த் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தாம் பணியில் சேர்ந்த அன்று, வருகைப் பதிவுக்காக வாசலில் நின்று படம் எடுத்ததாகவும், பக்கத்து மேசைத் தினேஷ் பின்னால் வந்து நின்றதாகவும், மூடுபனி இருவரையும் இடம் மாற்றிவிட்டதாகவும் கூறினார்.

“அன்னையிலிருந்து நான்தானுங்க தினேஷ். அவரு வசந்த். சம்பளம் ஒழுங்கா வந்துட்டு இருக்குதுங்க.”

“அதுல தொந்தரவு ஒண்ணும் இல்லீங்களா?”

“இதுவரைக்கும் இல்லீங்க. நேத்துத் தினேஷுக்கு மாறுதல் ஆணை வந்திருக்குது. அதனால நாளைக்கு நான் கிளம்போணும்.”

தோழியர் இருவரும் திங்கட்கிழமை மீண்டும் சென்றார்கள். ‘வசந்த்’ என்னும் பெயர்ப்பலகைக்குப் பின்னே தினேஷ் அமர்ந்திருந்தார். அவர் கைப்பேசியைத் துடைத்து உயர்த்திப் பிடித்து, “இதுல ஹேமலதா யாருங்க?” என்று கேட்டார்.

சின்னத்தாயி வலக்கையை உயர்த்தினார்.