சப்பையா சாப்பிட்ட ஆனைக்கொய்யா

துன்ஹிந்த அருவியை நேரில் பார்த்துவிட்டு 'சப்பெண்டு கிடக்கு' என்று சொன்ன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சர்.

ஹாலிஎலவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துக்கு மருந்து கொடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். முகத்துக்கு நேரே அவர் டாக்டரய்யா. முதுகுக்குப் பின்னால் சப்பையா. தோட்டத்தை நடத்தும் துரை குடிக்கிற தேயிலையில் டீ போட்டுக் கொடுத்தாலும், கல்யாண வீட்டில் ஆட்டுக்கறி பரிமாறினாலும், வெலிமடை கேரட்டைக் கடித்தாலும் தீர்ப்பு ஒன்றுதான்: சப்பெண்டு கிடக்கு, ருசியில்லை. நான் அப்போது தோட்டத்து ஆபீசில் சின்ன கிளாக்கர், அவருக்குப் பக்கத்துக் குவாட்டர்ஸ்காரன். என் சமையலை மட்டும் அவர் அப்படிச் சொன்னதில்லை. உப்பு கூடிப்போய் இருமிக்கொண்டிருந்ததால் பேச்சு வரவில்லை.

அவருடைய மனைவி ஊரில் இருந்தார். கல்யாணமான புதிதில் ஒருமுறை தோட்டத்துக்கு வந்தவர், காலில் அட்டை கடித்த மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாராம். அதன்பிறகு சித்திரை வருஷப் பிறப்புக்கு இவர் ஊருக்குப் போவதுதான் அவர்கள் குடித்தனம். மாசி பிறந்ததுமே பெட்டியை எடுத்துத் தூசி தட்டுவார். சாயங்காலத்தில் விறாந்தையில் நின்று, மலைகளுக்கு அப்பால் வடக்கு எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்பார். ஒவ்வொரு நாளும் காட்டுவேன். மறுநாளும் கேட்பார்.

ஒரு வருஷம் பண்டிகை வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஹப்புத்தளைக்கு அப்பால் தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் நின்றது. ரோட்டிலும் மண் விழுந்து பஸ்ஸும் நின்றது. சப்பையா கோட்டும் சூட்டுமாக விறாந்தையில் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். ருசி பார்த்துக் குறை சொல்லக்கூட அவருக்கு மனமில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அந்த மழைக் காற்றில்தான் துரை பங்களா மரத்திலிருந்து அந்தக் காய்கள் கொட்டின. பச்சையாக, சின்னச் சுரைக்காய் மாதிரி. இன்று ஆனைக்கொய்யா, அவகாடோ என்று எல்லாரும் வாங்குகிறார்கள். அன்று எங்கள் தோட்டத்தில் அதற்குப் பேர்கூடக் கிடையாது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் ஒரு வீட்டில் கருவாடு போட்டுக் குழம்பு வைத்தார்கள். இன்னொரு வீட்டில் பச்சையாகவே கடித்தார்கள். எல்லாரும் கசப்பில் முகம் கோணிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்து வரிசையில் நின்றார்கள். சப்பையா பெட்டியை விட்டு எழுந்தது அதனால்தான்.

பங்களாவில் சமையல் செய்த அந்தோணியைக் கூப்பிட்டு விசாரித்தார். "இப்ப தின்னக் கூடாதுங்கய்யா. கதகதப்பா வச்சு, அமுக்கினா மெத்துன்னு ஆனதும் வெட்டி, சீனி போட்டுச் சாப்பிடணும்" என்றான் அந்தோணி.

டாக்டரய்யாவுக்குக் கதகதப்பு என்றால் ஒன்றுதான் தெரியும். டிஸ்பென்சரி வார்டில் காலியாக இருந்த கட்டிலில் ஒரு காயைப் படுக்கவைத்துக் கழுத்துவரை கம்பளி போர்த்தினார். காலையும் மாலையும் போய் அமுக்கிப் பார்த்தார். அடுத்த கட்டிலில் காய்ச்சலோடு கிடந்த மாரிமுத்து, தன்னுடையதைவிட அந்தக் கம்பளிதான் புதுசு என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

பழுத்த அன்றும் மழை. விறாந்தையில் வைத்து வெட்டினார். உள்ளே வெண்ணெய் நிறம். சீனி தூவி ஒரு கரண்டி வாயில் வைத்தார். நான் வழக்கமான தீர்ப்புக்குக் காத்திருந்தேன். அவர் மழையைப் பார்த்தபடி மெல்ல விழுங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லாக் கிடக்கு தம்பி. இதை அவ ஒருக்காச் சாப்பிடவேணும்" என்றார்.

ரயில் ஓடத் தொடங்கியபோது அவருடைய லீவு முடிந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் துரையிடம் போய் மாமியாரைச் சாகடித்திருப்பார்கள். இவர் நேராகப் போய், மனைவிக்குப் பழம் கொடுக்க வேண்டும், லீவு வேண்டும் என்றார். துரை வெகுநேரம் அவரையே பார்த்தாராம். பிறகு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். சப்பையா டிஸ்பென்சரிப் பஞ்சிலே காய்களைச் சுற்றி, கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது கூட ஒரு அம்மா இறங்கினார். நல்ல உயரம், கையில் குடை, அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை புருஷனுடைய சாக்ஸ். பழம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சப்பெண்டு கிடந்தது" என்றார் அம்மா. சப்பையாவுக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்த மனுசன் ஒண்டையும் நல்லது எண்டு ஒரு நாளும் சொன்னதில்லை, தம்பி. சொல்ல வச்ச இடத்தை ஒருக்காப் பாப்பம் எண்டு வந்தனான்" என்றார்.

பார்க்க வந்தவர் போகவில்லை. அட்டை கடித்தது, திட்டினார், இருந்தார். சப்பையா டீ குடித்துவிட்டு 'பரவாயில்லை' என்று சொல்லத் தொடங்கினார். அவருக்கு உடம்புக்கு ஏதோ என்று லயத்தில் கவலைப்பட்டார்கள். மழைச் சாயங்காலங்களில் இருவரும் விறாந்தையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். வடக்கு எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

பென்ஷன் வாங்கிக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போன அன்று ஹாலிஎல ஸ்டேஷனில் நான்தான் சாமான்களை ஏற்றினேன். ரயில் போன பிறகும் பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் வந்து, கொழும்புக்கு இனி நாளைக்குத்தான் ரயில் என்றார்.

எனக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை என்றேன். அவர் ஒரு பெஞ்சைக் காட்டி, அப்படியானால் உட்காருங்கள் என்றார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.