ஐந்நூறு பஸ்கி பாக்கி

எதையும் எண்ணாமல் இருக்க என்னால் முடிந்ததே இல்லை. எங்கள் மாடிப்படி இருபத்திரண்டு. நேற்று என் பங்குச் சாம்பாரில் விழுந்த முருங்கைத் துண்டு மூன்று (மருமகளுக்கு ஐந்து). எதிர்வீட்டு நாய் இன்று காலையிலிருந்து குரைத்தது முப்பத்தேழு. இது ஒரு வியாதி என்கிறான் என் மகன். இதோடு பதினோரு தடவை சொல்லிவிட்டான்.

இந்த வியாதியால் ஒரு கேடயம் கைநழுவிப் போயிருக்கிறது. போனது என் கேடயம் மட்டும் என்றால் இதை எழுத வேண்டிய அவசியம் இல்லை.

அறுபதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்தேன். டெம்பரரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூன்று நாள் கழித்துப் புதிய முகங்களைப் பார்ப்பதுபோல் பார்த்து மறுபடி எடுத்துக்கொள்வார்கள். நான் நான்கு தடவை புதியவனாகியிருந்தேன். லேத்தில் வேலை செய்த தனபால் ஆறு தடவை.

இந்தத் தனபால்தான் எங்கள் பேட்மிண்டன் அணியின் கேப்டன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பேட்மிண்டன் என்றால் மஞ்சள் உல்லன் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், மண் மைதானம். இறகு வைத்து ஆடுவது ஷட்டில். அதை அதிகாரிகள் கூரைக்கு அடியில் ஆடிக்கொண்டார்கள். விஜயதசமி அன்று ஆவடிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றோடு எங்களுக்கு இறுதிப் போட்டி. கேடயம் வந்தால் அணியில் டெம்பரரி என்று ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். ஐந்து பேரில் டெம்பரரி நானும் தனபாலும்தான்.

அப்போது என் எடை நாற்பத்தாறு கிலோ. பின்வரிசையில் நின்று நான் அடிக்கும் பந்து வலை வரைக்கும் ஆசையாகப் போய், அங்கே மனசு மாறிவிடும்.

“மச்சான், உன் பந்து நெட்டாண்ட போய் வணக்கம் சொல்லிகினு திரும்புது,” என்றான் தனபால். “இன்னும் ஒரு மாசம் கீது. எதுனா பண்ணு.”

எதுனா என்பது எனக்கு ஒரு சலூனில் கிடைத்தது. பழைய வாரப் பத்திரிகை ஒன்றில், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் ஆட்டத்தோடு நிற்காமல் எடை தூக்கி உடம்பை உரமாக்குகிறார்கள், அதனால் அடியில் வேகம் கூடுகிறது என்று நாலு வரி போட்டிருந்தது. நாலாவது வரி ‘ஆனால்’ என்று முடிந்தது. மீதிப் பக்கம் சவரக்கத்தி துடைக்கப் போயிருந்தது. அந்த ‘ஆனால்’ எனக்கு அன்று ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

நான் குடியிருந்த பூந்தமல்லியில் கரீம் பாய் என்று ஒருவர் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் உடற்பயிற்சிக் கூடம். பாய்க்கு முப்பது வயது, ஒரு கையால் லாரிச் சக்கரத்தை உருட்டுவார். பேட்மிண்டனுக்காகப் பலம் வேண்டும் என்று நான் சொன்னதும், அந்தக் கம்பளிப் பந்தை அடிக்கவா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அப்புறம் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார். தினம் நூறு பஸ்கி, அதாவது உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது. ஐம்பது தண்டால். கர்லாக்கட்டை நாற்பது சுற்று. மெதுவாகக் கூட்டி அந்த அளவுக்கு வா, முடியாத நாளில் விட்டுவிடு என்றார். கூட்டுவதாவது! முதல் நாளே நூறு போட்டேன். முப்பது நாளைக்கு மூவாயிரம் பஸ்கி, ஆயிரத்தைந்நூறு தண்டால், ஆயிரத்திருநூறு சுற்று என்று சுவரில் எழுதி ஒட்டினேன். பஸ்கி எண்ணிக்கை தவறாமல் இருக்க, பத்துக்கு ஒரு புளியங்கொட்டையாக ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்கு மாற்றினேன்.

நியாயமாகச் சொல்கிறேன், பலன் இருந்தது. இருபதாம் நாள் என் அடி வலையைத் தாண்டி, எதிர்ப் பின்வரிசையையும் தாண்டி, சுவருக்கு அப்பால் போய் விழுந்தது. தனபால் பந்தைத் தேடிக்கொண்டு வந்து என் கையைப் பிசைந்து பார்த்தான். இது நம்ம கைதானா என்று நானும் பிசைந்து பார்த்தேன்.

நடுவில் காய்ச்சலில் மூன்று நாள், ஓவர்டைமில் இரண்டு நாள் போய்விட்டது. டப்பாவில் ஐம்பது கொட்டைகள் நகராமல் கிடந்தன. பஸ்கி மட்டும் ஐந்நூறு பாக்கி. போட்டி நெருங்க நெருங்க அந்தக் கொட்டைகள் என்னையே பார்த்தன.

கரீம் பாய் ஆயுத பூஜைக்கு முந்தின நாளே சொல்லிவிட்டார். “ரெண்டு நாள் கட்டையத் தொடாதீங்க தம்பி. டயர்ல காத்து ரொம்பிடுச்சின்னா நிறுத்திடணும். மேல அடிச்சா வெடிக்கும்.” பஞ்சர் ஒட்டுகிறவருக்கு விளையாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன் (பி.யூ.சி. படித்திருந்தேன்).

ஆயுத பூஜையன்று காலையில் தொழிற்சாலையில் பொரி கடலை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பாய் உறவினர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். கொட்டகைச் சாவி நிலைக்கு மேலே இருக்கும், எல்லோருக்கும் தெரியும். அங்கே பழகும் பையன்கள் கர்லாக்கட்டைகளை வரிசையாக நிறுத்தி, சந்தனம் குங்குமம் இட்டு, சாமந்தி சுற்றி வைத்திருந்தார்கள். ஊரில் உள்ள சுத்தியல், திருப்புளி, தராசு எல்லாம் ஓய்வெடுக்கும் நாள். தையல் கடையில் கத்தரிக்கோல்கூடப் படுத்திருந்தது. நான் மட்டும் மாலையோடு ஒரு கட்டையைத் தூக்கிச் சுழற்றினேன். சாமந்தி நான்கு திசையிலும் பறந்தது. பாக்கியும் அன்றைய பங்கும் சேர்த்து பஸ்கி அறுநூறு, தண்டால் முந்நூறு, சுற்று இருநூற்று நாற்பது. பத்து மணிக்கு ஆரம்பித்து நாலரைக்கு முடித்தேன். கடைசிக் கொட்டையைப் போட்டபோது அடைந்த திருப்தியை என் கல்யாணத்தன்றுகூட நான் அடையவில்லை. (இதை என் மனைவி படிக்கமாட்டாள்.)

மறுநாள் காலை கண்ணைத் திறந்தேன். அது ஒன்றுதான் திறந்தது. கை இரண்டும் உடம்பை விட்டு ஒரு சாண் தள்ளி, இடுப்பு உயரத்தில் நின்றுவிட்டன. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. சட்டை போட முப்பது நிமிடம். பூந்தமல்லியில் பஸ் ஏற நடத்துனர் பின்னாலிருந்து தள்ளினார்.

“இன்னா மச்சான், சோளக்கொல்லை பொம்மை கணக்கா வர்ற?” என்றான் தனபால்.

வாயுப்பிடிப்பு என்றேன். ஆறாவது ஆட்டக்காரன் பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தான். வேறு வழியில்லை.

ஆட்டத்துக்கு முன் மேனேஜர் வரிசையாகக் கை குலுக்கிக்கொண்டு வந்தார். என் கை எழவில்லை. ஒரு கணம் பார்த்துவிட்டு, என் ராக்கெட்டின் நுனியைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மூன்று ஆட்டங்களில் என்னிடம் வந்த பந்து அறுபத்து மூன்று. நான் திருப்பியது பத்தொன்பது, எல்லாம் இடுப்புக்குக் கீழே வந்தவை. சர்வீஸ் மட்டும் அன்று அபாரம், அது கீழிருந்து போடுவது என்பதால். இரண்டாவது ஆட்டத்தில் ஒரு தாழ்ந்த பந்துக்காகக் குந்தினேன். குந்தியவன் குந்தியவன்தான். அறுநூறு தடவை எழுந்த கால், அறுநூற்றொன்றாவது தடவைக்கு மறுத்துவிட்டது.

“உக்காந்துகினே இரு மச்சான்,” என்றான் தனபால், என் தலைக்கு மேலே தாவிப் பந்தை அடித்துக்கொண்டே. “நீ எய்ந்தா இன்னும் ரெண்டு பாயிண்ட் பூடும்.”

அந்த ஆட்டத்தை அவன் ஒற்றை ஆளாக இழுத்து ஜெயித்தான். மூன்றாவது ஆட்டம், இருபத்தொன்பதுக்கு ஆடுவது, இருபத்தேழு – இருபத்தெட்டு என்று வந்தது. எதிரணியின் சர்வீஸ். யாரோ தூக்கி அடித்த பந்து உயரமாக, சாவகாசமாக, நேராக என்னை நோக்கி வந்தது. ஒரு மாதமாக நான் பழகியது இந்த ஒரு பந்துக்குத்தான். கையைப் பார்த்து எழு என்றேன். கெஞ்சினேன். பந்து என் தோளில் உட்கார்ந்து, தரைக்கு இறங்கிக்கொண்டது.

சாயங்காலம் தனபால் என்னை சைக்கிள் கேரியரில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனான். வழியில் உண்மையைச் சொல்லிவிட்டேன். புளியங்கொட்டை வரைக்கும். நாற்பத்தொரு மின்கம்பங்கள் கடந்தன. பிறகு, “அம்மாவாண்ட பர்மனென்ட் ஆயிடுச்சின்னு காலையிலயே சொல்ட்டேன்,” என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் இறங்கி நடந்திருப்பேன், கால் நடந்தால்.

காட்டுப்பாக்கத்தில் அவன் வீட்டில் என்னை ஒரு முக்காலியில் இறக்கி வைத்தார்கள். அவன் தங்கை சரோஜா டீ கொண்டுவந்தாள். டம்ளர் என் கையில் இருந்தது, வாய்க்கு வரவில்லை. அவள் அதை வாங்கி ஜன்னல் மேடையில் வைத்தாள். நான் கழுத்தை நீட்டி உறிஞ்சினேன். தனபால் கதையைச் சொன்னான். அவள் முழுக்கக் கேட்டாள்.

“அஞ்சு நாள் துன்னாத சோத்தையும் ஆறாம் நாள் சேத்துத்தான் துன்னுவாரா இவரு?”

இதற்குப் பதிலை இன்றுவரை யோசிக்கிறேன்.

பதினான்கு மாதம் கழித்து, சங்கம் போட்ட மனுவில் எங்களை நிரந்தரம் ஆக்கினார்கள். அதற்கும் மூவாயிரம் பஸ்கிக்கும் சம்பந்தம் இல்லை. அதற்குள் தனபால் நான்கு தடவை மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்தான். நானும்தான், ஆனால் எனக்கு அது தகும். அடுத்த வருடம் அவன் எனக்கு நிஜ மச்சானாகிவிட்டான். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்த வேலை பாக்கி இருந்தாலும், “மேட்சுக்கு மொத நாள் போட்டுக்கலாம்” என்பார்கள். என் மகன் கணக்குப் பரீட்சைக்கு அப்படித்தான் படித்தான். பேரன் என்னிடமே சொல்கிறான்.

இப்போது சரோஜாவுக்குத் தோள் பிடித்துக்கொண்டிருக்கிறது. தினம் இருபது தடவை சுவரோடு சுவராகக் கையைத் தூக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எண்ணுவது நான். நேற்று எட்டோடு நிறுத்திவிட்டாள்.

“மீதி பன்னெண்டை நாளைக்குச் சேத்துப் போட்டுக்கறேன்,” என்றாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

“வேணாம், வேணாம். எட்டு போதும்,” என்று நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன்.

அவள் உள்ளே போய் என் காபியைக் கொண்டுவந்தாள். நான் கையை நீட்டினேன். கவனிக்காதவள்போல் டம்ளரை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். எங்கள் ஜன்னல் மேடையின் உயரம் மூன்றே முக்கால் அடி. அளந்திருக்கிறேன்.