புல்தரையில் ஒரு டிவட்

ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு வீட்டிலே, ஒரே ஒரு புருஷன் இருந்தானாம். அவன் ஒரே ஒரு தடவை பெண்டாட்டியை வாதத்தில் ஜெயித்தானாம். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அதை வெளியே சொல்லாமலே வைத்திருந்தானாம்.

அந்தப் புருஷன் அடியேன்தான்.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம். அதில் காய்கறி போடவேண்டும் என்பது என் மனைவியின் கட்சி. புல்தரை என்பது என் கட்சி. வாதம் நடந்த அன்று அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஜெயித்துவிட்டேன்.

உடனே புல் பதித்தேன். ஓரத்தில் 'மிதிக்காதீர்' என்று ஒரு பலகையும் நட்டேன். மற்றவர்கள் ஜெயித்த கோப்பையைக் கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள். நான் என்னுடையதைக் கொல்லையில் வளர்த்தேன். தினமும் சாயங்காலம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்தப் பச்சையைப் பார்ப்பேன். கல்யாண வாழ்க்கையில் எனக்கென்று இருந்த சொத்து அவ்வளவுதான்.

அதற்கு ஆபத்து ஆபீசிலிருந்து வந்தது.

எங்கள் மேனேஜர் கோல்ஃப் பைத்தியம். ஒருநாள் எல்லோரையும் நிற்கவைத்து, "நேத்து ஒரு டிவட் பாருங்க, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "ருசியா இருந்திருக்குமே சார்" என்றேன்.

அதற்கப்புறம் எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

அன்றைக்கே சபதம் எடுத்தேன். அந்த வார்த்தையைக் கரைத்துக் குடிப்பது. அந்த ஆட்டத்தையும் கற்றுக்கொண்டு, மேனேஜர் கண்ணெதிரிலேயே ஒரு டிவட்டைப் பெயர்த்துக் காட்டுவது. பழைய சாமான் கடையில் ஒரு கோல்ஃப் மட்டை கிடைத்தது. கொண்டுவந்து சுவரில் சாய்த்தேன். மனைவி மட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இரண்டில் எது பழசு என்று யோசிக்கிற மாதிரி இருந்தது.

"டிவட்னா என்னங்க?"

"மட்டையை வீசும்போது பந்தோட சேர்ந்து தரையும் அடிபடும் இல்லையா? அப்போ புல்லு, வேரு, மண்ணு எல்லாமா ஒரு துண்டு பேந்து பறக்கும். அதான் டிவட்."

"பேந்த இடத்துல பள்ளம் விழுமே, அது?"

"அதையும் டிவட்னு சொல்றவங்க உண்டு. ஆனா முதல் உரிமை பறக்கிறதுக்குத்தான்."

"இப்படிப் பேத்துப் போட்டா அங்க திட்டமாட்டாங்களா?"

"அதுக்குன்னு ஒரு முறை இருக்கும்மா. பறந்த துண்டைத் தேடி எடுத்து, அதே பள்ளத்துல வெச்சு, காலால மிதிச்சு விடணும். மறுபடி வேர் பிடிச்சுக்கும். அதைச் செய்யாதவனை அங்க மனுஷனாவே மதிக்கமாட்டாங்க."

அவள் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்போ நம்ம புல்தரையிலேயே பழகுங்களேன். திரும்ப வெச்சா முளைச்சிடப் போவுது" என்றாள்.

அவள் எதிர்த்துப் பேசினால் எனக்குத் தைரியம் வரும். பழகின பாதை. ஒத்துக்கொண்டால்தான் பயமாக இருக்கும்.

மறுநாள் காலையில் பந்தை வைத்து, மூச்சைப் பிடித்து, ஓங்கி வீசினேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்து என்னை அனுதாபத்தோடு பார்த்தது. புல்லும் மண்ணுமாக ஒரு கட்டி மட்டும் பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு மதிலில் அப்பிக்கொண்டது. அதற்கு மேலே ஒரு தலை முளைத்தது. ரிடையர்ட் இன்ஸ்பெக்டர். வேலை போனாலும் சந்தேகம் போகாத மனிதர்.

"தம்பி, என்ன நடக்குது?"

"கோல்ஃப் சார்."

"பந்து அங்கேயே கிடக்கே?"

"இது டிவட் சார்."

"யாரு பேரு அது?"

நான் பதில் சொல்வதற்குள் மனைவி குறுக்கே வந்தாள். "நல்லா அடிக்கிறவங்களுக்குத்தான் சார் டிவட் விழும். பயந்தாங்கொள்ளி அடிச்சா புல்லு அசையக்கூட அசையாதாம். நான் படிச்சுப் பார்த்தேன்."

என்னை அவள் புல்தடுக்கிப் பயில்வான் என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். புல்லைப் பெயர்த்த பயில்வானாகக் கேட்டதில்லை. காது குளிர்ந்தது. மனசு மட்டும், 'எதற்கு?' என்றது.

அடுத்த நாள் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து, புல்தரையில் ஒரு கோணல் இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தாள்.

"இது எதுக்கு?"

"நேரா அடிச்சுப் பழகத்தாங்க. கயித்தை ஒட்டியே டிவட் விழணும். இந்த வரிசை முடிஞ்சதும் கயித்தை நகர்த்தித் தரேன்."

"அப்புறம் எல்லாத்தையும் எடுத்து வெச்சு மிதிக்கணுமே. ஆபீசுக்கு நேரமாயிடும்."

"நீங்க கிளம்புங்க. நான் மிதிச்சுக்கறேன்."

"நீயா?"

"ஏன், எனக்குக் கால் இல்லையா?"

கால் இருந்தது. காரணம்தான் தெரியவில்லை. கேட்காமலே காப்பி வந்தது. முதுகுக்குத் தைலம் வந்தது. அவள் அம்மா தங்க வருகிறார்களோ என்று பயந்து நைசாகப் போன் போட்டு விசாரித்தேன். "நீங்களே கூப்பிட்டீங்களே மாப்பிள்ளை" என்று மாமியார் சந்தோஷப்பட்டதுதான் மிச்சம்.

இன்னொன்றும் உறுத்தியது. மிதித்த இடத்தில் புல் தலைகாட்டவே இல்லை. வெறும் மண்ணாகத் தெரிந்தது. அவளிடமே கேட்டேன்.

"வேர் பிடிக்கிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும். தண்ணி ஊத்திக்கிட்டுத்தானே இருக்கேன்?"

முதலில் இன்ஸ்பெக்டரின் நாயைச் சந்தேகப்பட்டேன். "அதுவா? சாப்பிடறதுக்கே நான்தான் தட்டிக் கொடுத்து எழுப்பறேன்" என்றார் அவர். பிறகு இன்ஸ்பெக்டரைச் சந்தேகப்பட்டேன். அவர் என்னைத் திருப்பிச் சந்தேகப்பட்டார். மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

ஒருநாள் ஆபீசுக்குப் போகிற மாதிரி போய், பக்கத்துச் சந்து வழியாகத் திரும்பி வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினேன். அங்கிருந்து இடுப்புக்குக் கீழேதான் சரியாகத் தெரிந்தது, அதுவும் பின்பக்கமாக. குனிந்தாள். நிமிர்ந்தாள். வெறுங்காலால் மெல்ல மிதித்தாள். குழந்தைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி அவ்வளவு பதமாக மிதித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பெண்ணையா சந்தேகப்பட்டேன்!

"சொந்த வீட்டுல ஒளிஞ்சிருக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்." மதிலுக்கு மேலே இன்ஸ்பெக்டர்.

"மெதுவாப் பேசுங்க சார். பாருங்க, எவ்வளவு பாசமா மிதிக்கிறா."

"கால் மிதிக்கிறதைப் பார்த்தீங்க. கை என்ன செய்யுதுன்னு பார்த்தீங்களா?"

போலீஸ் புத்தி. எதையும் நல்லதாகவே பார்க்கத் தெரியாது. தலையில் அடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அன்றிலிருந்து காலையில் இரட்டை வேகத்தில் பெயர்த்தேன். ஒரு வரிசை கூட பாக்கி இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். ஓங்கி ஒரு வீச்சு. பந்து பறந்தது. கூடவே ஒரு டிவட்டும் பறந்தது. தட்டு என்ன தட்டு, தாம்பாளம்!

"பிரமாதம்!" என்றார் மேனேஜர்.

நான் பெருமையாக ஓடிப்போய் அந்தத் துண்டைத் தூக்கி வந்து, வீட்டில் பார்த்துப் பழகிய மாதிரியே, மண் தெரியும்படி பள்ளத்தில் வைத்தேன். மிதிக்கக் காலைத் தூக்கினேன்.

"ஐயையோ, தலைகீழா வைக்கிறீங்களே! புல்லு மேல, வேரு கீழ."

"மாத்தி வெச்சா என்ன சார் ஆகும்?"

"புல்லு உள்ளேயே செத்து எருவாயிடும். எங்க வீட்டுல கத்தரிக்காய் போட அப்படித்தான் புரட்டிப் போட்டோம். நல்ல காய்ப்பு."

தூக்கின கால் தூக்கினபடியே நின்றது.

மட்டையோடு வீட்டுக்கு ஓடினேன். கொல்லையில் புல் இல்லை. கயிறு பிடித்த மாதிரி நேராகப் பாத்திகள். 'மிதிக்காதீர்' பலகை மட்டும் இருந்தது. அதை அவள் பாத்திக்கு நடுவில் மாற்றி நட்டிருந்தாள். மதில் வழியாக இன்ஸ்பெக்டர் தக்காளி நாற்றுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என் புல்தரை!" என்றேன்.

"அதை யாருங்க பேத்தது?" என்றாள்.

நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன்.

"நான் அன்னைக்கே கையைப் பாருங்கன்னு சொன்னேன் தம்பி. நீங்க காலைப் பார்த்து அழுதீங்க. முதல் காய் எனக்கு" என்று சொல்லிவிட்டுத் தலையை இறக்கிக்கொண்டார்.

நான் மண்ணைக் கவ்விவிட்டேன். நானே கொத்திவைத்த மண்.

"அந்த மட்டையைக் கொடுங்க" என்றாள் அவள். பிறகு என்ன நினைத்தாளோ, "வேணாம், நீங்களே நட்டுடுங்க. தக்காளிக்கு ஒரு கொம்பு வேணும்" என்றாள்.

நட்டேன். தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "கொஞ்சம் வலது பக்கம்" என்றாள். நகர்த்தி நட்டதும், கையில் ஒட்டிய மண்ணை என் சட்டையிலேயே துடைத்துவிட்டு உள்ளே போனாள்.