பார்ட்னர் வேலைக்குப் போயிருக்கிறார்

எனக்குப் பொய் சொல்ல வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகவே வரும். நிறுத்தத்தான் வராது.

சில வருடங்களுக்கு முன்னர் நானும் மேகலாவும் நியூசிலாந்தில், ஓக்லாந்து நகரத்து ரானுயியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் யாழ்ப்பாணத்துக்காரி, அங்கே ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ரீச்சர். மேகலா மலேசியா, ஈப்போக்காரி. பேக்கரி ஒன்றில் கேக் செய்கிறவள். அவள் என் பார்ட்னர் என்பது என் பள்ளியில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எதிரில் நிற்பவர் தமிழில் வாய் திறந்தால் போதும், என் நாக்கு அவளைப் பெரியம்மாவின் மகளாக்கிவிடும். ஆங்கிலத்தில் பார்ட்னர், தமிழில் கசின். கோயிலில், பிறந்தநாள் வீடுகளில், கடையில் பருப்பு வாங்கும்போதுகூட இதே கதைதான். மேகலா பொறுத்துக்கொண்டாள். (பொறுத்துக்கொண்டாள் என்றால், வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.)

அந்த வருடம் தென் தீவில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. அதுவும் கணக்குப் பிரிவுக்கே பொறுப்பாக! வீடெல்லாம் துள்ளினோம். பள்ளி அனுப்பிய வீட்டுப் படத்தில் அடுப்புக்கு நேரே குசினி ஜன்னலால் பனிமலை தெரிந்தது. மேகலா அன்றைக்கே ஒரு தடித்த குளிர் ஜாக்கெட் வாங்கி, ஓக்லாந்து வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு குப்பை வாளி தள்ளப் போனாள்.

ஒரே ஒரு தடை, அவளுடைய பித்தப்பையில் கல். அரசு மருத்துவமனையில் ஆபரேஷனுக்குக் காத்திருந்தாள். ஊர் மாறினால் புதிய இடத்தில் வரிசையின் வாலில் போய் நிற்கவேண்டும், அதற்குள் வலி அவளைச் சும்மா விடாது. ஆனால் ஆசிரியர்களுக்கென்று ஒரு மருத்துவக் காப்புறுதித் திட்டம் இருந்தது. புதிய வேலைக்குப் போகிற ஆசிரியர் சேர்ந்தால், கூட வாழ்கிற பார்ட்னரையும், ஆணோ பெண்ணோ, பழைய நோயோடு அப்படியே சேர்த்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சேரவேண்டும். அதே வெள்ளிக்கிழமை பள்ளிக்கும் பதில் சொல்லவேண்டும். காப்புறுதி இல்லாவிட்டால் பனிமலையும் இல்லை என்று முடிவெடுத்திருந்தோம்.

வியாழக்கிழமை பின்னேரம் காப்புறுதி ஆலோசகர் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. போனில் கதைத்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. பார்ட்னரும் சேருகிறார் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன். மணி அடித்தது. ஆங்கிலத்தில் சொல்லவேண்டிய எல்லாவற்றையும் மனதில் அடுக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

நெற்றியில் திருநீறு, கையில் லேப்டாப் பை, அறுபது வயதுப் புன்னகை.

அந்தப் பெண்மணிக்குக் காய்ச்சலாம், அவருக்குப் பதிலாக இவர் வந்தாராம். பெயர் சிவம். மவுண்ட் வெல்லிங்டனில் வீடு. உட்கார முன்னரே என் ஊரைக் கேட்டார், ஊரில் எந்த இடம் என்று கேட்டார், அந்த இடத்தில் எந்த ஒழுங்கை என்றும் கேட்டார். குசினியிலிருந்து மேகலா எட்டிப் பார்த்தாள்.

“இவ ஆர் பிள்ளை?”

“என்ட பெரியம்மாவின்ட மகள், அங்கிள்.”

சொல்லி முடித்த பிறகுதான், எதற்காக இவரைக் கூப்பிட்டோம் என்ற ஞாபகம் வந்தது. மேகலா என்னைப் பார்த்த பார்வையில் பித்தக்கல்லே கரைந்திருக்கும்.

பெரியம்மா எப்படி மலேசியா போனார் என்று கேட்டார். கலியாணம் முடித்துப் போனார் என்றேன். மாப்பிள்ளை பகுதி எது என்று கேட்டார். பெரியப்பாவின் அப்பா அந்தக் காலத்தில் ஈப்போவில் ரயில்வே கிளார்க் என்றேன். (ஆர் என்னைக் கேட்டது?) சிவம் அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய அம்மாவின் மாமாவும் ஈப்போ ரயில்வேதானாம்.

“பேர் கந்தையாவோ?”

“ஓம் அங்கிள், கந்தையாதான்.”

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் பாதிப் பேர் கந்தையா, மிச்சப் பேர் செல்லையா. அந்தத் துணிவில் சொல்லிவிட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தொடர்பு விட்டுப்போன சொந்தமாம். உடனே மனைவிக்குப் போன் போட்டு, கந்தையா மாமாவின் பேத்தி ரானுயியில் இருக்கிறாள், கண்டுபிடித்துவிட்டேன் என்றார். மேகலாவின் மூக்கு அப்படியே தன் அம்மாவின் மூக்கு என்றும் சொன்னார்.

பிறகு லேப்டாப்பைத் திறந்து, பார்ட்னர் எங்கே என்று கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன். எங்கே வேலை என்றார். ஈஸ்ட் டாமாக்கி என்றேன். அங்கே அவரும் முந்தி ஒரு வேர்ஹவுஸில் இருந்தவராம், எந்தக் கம்பனி என்று கேட்டார். எனக்கு இருமல் வந்தது. (வந்ததென்ன, வரவழைத்தேன்.) பார்ட்னரும் நேரில் இருந்து பதில் சொல்லவேண்டும், நாளையோடு முடிகிற விஷயம், அதனால் அவர் வரும்வரை இருக்கிறேன் என்று சொல்லிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டார். இல்லாத மனிதருக்காக மூவரும் காத்திருந்தோம். அந்த மனிதரின் பார்ட்னர் நான், எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தவள்தான் அந்த மனிதர்.

சிவம் அங்கிள் சும்மா இருக்கவில்லை. கந்தையா மாமா வெள்ளைக் கோட்டுப் போட்டு ரயில் நிலையத்தில் நிற்கிற படம் வீட்டில் இருக்கிறது, தாத்தாவின் படத்தை மேகலாவுக்குக் கட்டாயம் தருவேன் என்றார். மேகலா தட்டைக் கீழே வைத்தாள்.

“அங்கிள், எங்க தாத்தா ரயில்வே கிளார்க் இல்ல. ரப்பர் எஸ்டேட்ல பால்மரம் வெட்டுனாரு. காலைல இருட்டோட எழுந்து போயி எங்க அப்பாவ படிக்க வச்சாரு. அவரு பேரு மாரிமுத்து. அந்தக் கோட்டுக்காரருக்காக அவர மறைக்க என்னால முடியாது.” மூச்சு வாங்கினாள். “அப்புறம், அந்த பார்ட்னரு வேலைக்குப் போகல. நான்தான்.”

சிவம் அங்கிள் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் தன் போனைப் பார்த்தார்.

“அப்ப கந்தையா மாமா?”

“இல்லை அங்கிள்.”

“நான் மனிசிக்குச் சொல்லிப்போட்டன்.”

தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அதைவிட நீளமான தேத்தண்ணியை நான் பார்த்ததில்லை. எல்லாம் போச்சு, வேலை போச்சு, மேகலாவின் ஆபரேஷன் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டார்.

“கசின் எண்டு போட்டிருந்தா ஒரு சதமும் வந்திராது. நல்ல காலம், இந்தப் பிள்ளைக்கு ரோசம் வந்தது. சரி, கல்லு எவ்வளவு காலமா இருக்கு?”

எல்லாக் கேள்வியையும் மேகலாவிடமே கேட்டார். நான் பதில் சொல்ல வாய் திறந்தபோதெல்லாம் கையைக் காட்டி நிறுத்தினார். மறுநாள் மத்தியானம் இருவரையும் சேர்த்தாயிற்று என்று போன் வந்தது. மேகலா அலறிய அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அடுத்த நிமிடமே தென் தீவுப் பள்ளிக்குப் போன் போட்டு, வேலைக்கு வருகிறேன் என்று சொன்னேன். ஆபரேஷனும் நல்லபடி முடிந்தது.

சிவம் அங்கிளின் மனைவி கொஞ்ச நாள் எங்களோடு கதைக்கவில்லை. எங்களைப் பிடிக்கவில்லையாக்கும் என்று கவலைப்பட்டேன். விஷயம் அதுவல்ல. கந்தையா மாமாவின் பேத்தி கிடைத்துவிட்டாள் என்று கனடா வரைக்கும் சொல்லிவிட்டு, இப்போது அதை எப்படி மாற்றிச் சொல்வதென்று தெரியாமல் இருந்தாராம். பிறகு சமாதானமாகி, எங்கள் பதிவுத் திருமணத்துக்கு இருவரும் வந்தார்கள். சாட்சிக் கையெழுத்து சிவம் அங்கிள்தான்.

இப்போது பனிமலை ஊரில் இருக்கிறோம். வந்த புதிதில், இங்கே மருத்துவமனையில் வேலை செய்கிற ஒரு தமிழ்க் குடும்பம் எங்களைத் தேடிவந்தது. மணி அடித்ததும் மேகலா என் தோளைப் பிடித்துக் குசினிப் பக்கம் திருப்பிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டுச் சட்டமே அதுதான்: தமிழ் ஆட்கள் வந்தால் நான் முதலில் வாய் திறக்கக் கூடாது. கெட்டிலைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்பேன். வாசலில் அவள் சொல்வது தெளிவாகக் கேட்கும்.

“வாங்க, நான் மேகலா. உள்ள டீ போடுறது என் பொண்டாட்டி. நல்லவதான், பேச மட்டும் விட்டுறாதீங்க.”